கடைசி நாள் கடைக்கு அல்ல

போன வாரம் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தம்பதி வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். சிங்கப்பூர், ஐந்து இரவு ஆறு பகல். டிராவல்ஸ்காரர் கொடுத்த நிகழ்ச்சி நிரலை மேஜைமேல் விரித்து வைத்து, "நீங்க ரெண்டு தடவை போயிட்டு வந்தவங்க, பார்த்துச் சொல்லுங்க சார்" என்றார்.

முதல் நாள் மெர்லயன் சிங்கம், இரண்டாம் நாள் செந்தோசா என்று வரிசையாகப் போய்க் கடைசியில் இப்படி ஒரு வரி: "6ஆம் நாள்: காலை உணவு. பகல் முழுவதும் ஷாப்பிங். இரவு விமான நிலையம்."

"மத்ததெல்லாம் சரி சார். அந்தக் கடைசி நாளை மட்டும் கடைக்குக் கொடுத்துடாதீங்க" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். சிக்கனமான ஆள் என்று என்னைப் பற்றித் தெருவில் ஏற்கெனவே ஒரு பேச்சு உண்டு. அந்தக் கணக்கில் சேர்த்துக்கொண்டார் போலிருக்கிறது. காபி கொண்டுவந்த என் மனைவியும் சிரித்தாள். ஆனால் அவள் சிரிப்பு வேறு. அந்தச் சிரிப்புக்கு விளக்கம் சொல்ல அன்றைக்கு நேரமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கிளம்பப் போகிற மற்றவர்களுக்கும் பயன்படலாம்.

நாங்கள் முதலில் போனது 2014இல். நான் தபால் துறையில் 36 வருடம் வேலை பார்த்து, 2012இல் ஓய்வு பெற்றேன். கையில் வந்த பணத்தில் கடன் போக, வீட்டுக்கு வெள்ளையடித்தது போக, கொஞ்சம் மிஞ்சியது. "எங்கேயாவது போகலாமா?" என்று கேட்டபோது அவள் யோசிக்கவே இல்லை. "சிங்கப்பூர்" என்றாள்.

காரணம் எனக்குத் தெரியும். என் மாமனார் அங்கே இருந்தவர். மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம் அவர்களுடையது. ஐம்பதுகளின் நடுவில் கப்பல் ஏறினார். செம்பவாங்கில் பிரிட்டிஷ்காரனின் கடற்படைத் தளம் இருந்ததே, அங்கே கப்பல் பழுது பார்க்கும் பட்டறையில் வேலை. ஊரில் எல்லோரும் அதை 'நேவல் பேஸ்' என்றுதான் சொல்வார்கள். அவர் அந்த இரண்டு சொல்லையும் ஒட்டி 'நேவல்பேசு' என்பார். மூன்று நான்கு வருடத்துக்கு ஒரு முறை நாகப்பட்டினத்தில் வந்து இறங்குவார். 'ரஜூலா' கப்பல் கரைக்கு வராது. நடுக்கடலில் நிற்கும், படகில் ஆட்களை இறக்கிக் கொண்டுவருவார்கள். தகரப் பெட்டியில் கோடாலி தைலம், டார்ச் லைட், குடை, செண்ட் பாட்டில், வழவழவென்று நைலக்ஸ் புடவை. பெட்டி திறக்கும் நாளில் தெருவே வந்து திண்ணையில் உட்கார்ந்திருக்கும் என்று என் மாமியார் சொல்லுவார்.

1968 ஜனவரியில் பிரிட்டிஷ் அரசு, தன் படைகளை சிங்கப்பூரில் இருந்து விலக்கிக்கொள்ளப் போவதாக அறிவித்தது. அந்த வருடக் கடைசியிலேயே கப்பல்பட்டறை சிங்கப்பூர் அரசின் கைக்குப் போனது. 1971க்குள் பெரும்பாலும் எல்லாம் முடிந்தது. தளத்தை நம்பி இருந்தவர்களில் சிலர் அங்கேயே குடியுரிமை வாங்கிக்கொண்டு தங்கிவிட்டார்கள். பலர் ஊர் திரும்பினார்கள். மாமனார் 1971இல் திரும்பினார். அப்போது என் மனைவிக்கு 15 வயது. அப்பா என்று ஒருவர் வீட்டில் நிரந்தரமாக இருப்பதே அவளுக்கு அப்போதுதான் பழக்கமானது. 1984இல் அவர் காலமானார். அதிகம் பேசாத மனிதர். அந்த ஊரைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம், "மழை ஜாஸ்தி" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

பயணத்துக்கு முன்பே அவள் ஒரே ஒரு விஷயம்தான் கேட்டாள். "செம்பவாங் ஒரு தடவை போயிட்டு வந்துடணுங்க."

"போகலாம், அதுக்கென்ன" என்றேன்.

அங்கே போன பிறகு முதல் நாள் அலுப்பு. இரண்டாம் நாள் செந்தோசா. மூன்றாம் நாள் பகலில் ஜூரோங் பறவைப் பூங்கா, இரவில் மிருகக்காட்சிச் சாலை. நான்காம் நாள் ராட்டினம், தோட்டம். எல்லாம் பணம் கட்டிய இடங்கள். போகாவிட்டால் பணம் திரும்பாது. ஒவ்வொரு நாள் ராத்திரியும், "கடைசி நாள் ஃப்ரீதானே, அன்னைக்குப் போயிடலாம்" என்று சொன்னது டிராவல்ஸ்காரர் இல்லை, நான்தான்.

கடைசி நாள் காலையில் என் சட்டைப் பையில் ஒரு பட்டியல் இருந்தது. 14 வீடுகள். அண்ணன் வீடு, தங்கை வீடு, சம்பந்தி வீடு, கூட வேலை பார்த்தவர்கள், கீழ் வீட்டில் குடியிருப்பவர், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா வரைக்கும். சிலர் பெயரும் எடையும் குறித்துக் கொடுத்திருந்தார்கள். சிலர் "எதுனாலும் சரி" என்றவர்கள். பட்டியல் கொடுத்தவர்களைவிட எதுனாலும் சரி என்றவர்கள்தான் ஆபத்து. அவர்களுக்கு எதை வாங்கினாலும் அது சரியாக இருக்காது. ஒரு மச்சினர் தட்டை டி.வி. வேண்டும் என்று கேட்டிருந்தார். 2013 ஆகஸ்ட் மாதம் வரை அதை வரியில்லாமல் கொண்டுவர வழி இருந்தது. விமானத்தில் பாதிப் பேர் டி.வி. பெட்டியோடு வந்த காலம் ஒன்று உண்டு. பிறகு அந்தச் சலுகையை எடுத்துவிட்டார்கள் என்று அவரிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இன்னொருவர் தங்கச் சங்கிலி கேட்டார். தங்க நகைக்கு வரிச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கிவிட்டுத் திரும்புகிறவர்களுக்குத்தான், ஆறு நாள் சுற்றுலாக்காரனுக்குக் கிடையாது. இதையும் பலர் நம்புவதில்லை.

"முதல்ல கடை வேலையை முடிச்சுடுவோம். மத்தியானம் சாப்பிட்டுட்டு செம்பவாங் போயிடலாம்" என்றேன்.

தேக்கா பக்கம் சையத் ஆல்வி சாலையில் இருக்கும் அந்தப் பெரிய கடையை நான் பெயர் சொல்லத் தேவையில்லை, போனவர்களுக்கெல்லாம் தெரியும். பத்து மணிக்கு உள்ளே போனோம். வெளியே வந்தபோது நாலரை. கடையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசி முதல் பெட்டி வரை எல்லாம் இருந்தது, விலையும் நியாயம்தான். குறை என்னுடையது. எந்த சாக்லெட் மூன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று பார்த்துக்கொண்டு நின்றவன் நான். ஒரே மாதிரி பிஸ்கட் டப்பாவை இரண்டு வீட்டுக்கு வாங்கினால் பேச்சு வருமே என்று மூன்றாவது மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் அலைந்தவன் நான். நடுவில் ஒரு தடவை அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நானும் அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன்.

நாலரை மணிக்கு மேல் எங்கே போவது? பெட்டி கட்ட வேண்டும். ஏழு மணிக்கு வண்டி வந்துவிடும். "பரவாயில்லங்க" என்றாள். சண்டை போட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

விமான நிலையத்தில் எடை பார்த்தால் இரண்டு பேருக்கும் சேர்த்து 60 கிலோதான் அனுமதி, எங்களிடம் 67. ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பெட்டியைத் திறந்தோம். இந்தக் காட்சியைத் திருச்சி விமானம் கிளம்பும் இடத்தில் நீங்கள் எந்த ராத்திரியும் பார்க்கலாம். வயதானவர்கள் தரையில் மண்டியிட்டு, சோப்பையும் பவுடரையும் ஒரு பையில் இருந்து இன்னொரு பைக்கு மாற்றிக்கொண்டிருப்பார்கள். கைப்பையில் கொஞ்சம் திணிக்கலாம் என்று அவளுடைய தோள் பையை வாங்கிக் கவிழ்த்தேன். மாத்திரை டப்பா, சீப்பு, கைக்குட்டை, அவற்றோடு ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடு போட்ட ஒரு பழைய தபால் உறை.

36 வருடம் உறைகளைப் பார்த்தவன். முகவரியை நான் படிக்கவில்லை, கண் தானாகப் படித்துவிட்டது. பெறுநர் என் மாமியார். பின்பக்கம் அனுப்புநர் முகவரியில் பிளாக் எண், கான்பெரா ரோடு, நேவல் பேஸ், சிங்கப்பூர். முத்திரையில் ஜூலை 1966.

"இதைக் கொண்டுவந்தியா? சொல்லவே இல்லையே."

"இடம் கேக்கணும்னா அட்ரஸ் வேணுமேன்னு எடுத்து வெச்சேன். அதை விடுங்க, எடையைப் பாருங்க."

எடையைப் பார்த்தேன். பிறகு வரியைத் திரும்ப வாங்கும் இயந்திரத்தின் முன் வரிசையில் நின்றேன். அப்போது அங்கே பொருள் சேவை வரி 7 சதவீதம். நூறு வெள்ளிக்கு மேல் வாங்கினால் சுற்றுலா வந்தவர்கள் திரும்பப் பெறலாம். எனக்குக் கிடைத்தது பதினொரு வெள்ளி சொச்சம். அங்கே தமிழர்கள் டாலரை வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள், அதுவே எனக்கும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பதினொரு வெள்ளியை வாங்கிக்கொண்டு திரும்பியபோது அவள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த உறையை மறுபடி பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

இதை வெறும் மறதி என்று சொல்லிக் கொஞ்ச நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். மறதி இல்லை. எங்கள் வீட்டில், உங்களில் பலர் வீட்டிலும் இருக்கும் ஒரு பழக்கம் அது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் பாத்திரத்தில் எது மிஞ்சுகிறதோ அதைச் சாப்பிடுகிறவர் ஒருவர் வீட்டில் இருப்பார். பயணத்திலும் அவருடைய ஆசைக்குத்தான் கடைசி நாளை ஒதுக்குகிறோம். மிஞ்சினால் உண்டு.

கடைசி நாளை மிச்ச நாளாக நினைப்பதுதான் தவறு என்கிறேன். டிராவல்ஸ்காரர்கள் அதை ஏன் 'ஃப்ரீ' என்று போடுகிறார்கள்? அன்றைக்கு அவர்களுக்கு வண்டிச் செலவு இல்லை, வழிகாட்டிச் சம்பளம் இல்லை என்பது என் ஊகம். அது அவர்கள் தொழில், போகட்டும். நமக்கு அந்த நாள்தான் அந்த ஊரில் இருப்பதிலேயே நல்ல நாள். முதல் நாள் தூக்கக் கலக்கம், இரண்டாம் நாள் பயம், எந்தப் பக்கம் ரயில் ஏறுவது என்றே தெரியாது. ஆறாம் நாளுக்குள் ரயில் அட்டையைத் தட்டப் பழகியிருக்கும், எந்தக் கடையில் காபி நன்றாக இருக்கும் என்று தெரிந்திருக்கும், கால் அந்த ஊர் நடைக்கு வந்திருக்கும். அப்படிப் பழகிய நாளைக் கொண்டுபோய் சாக்லெட் அடுக்குகளுக்கு நடுவில் அடைப்பது என்ன நியாயம்?

உறவுக்காரர்களுக்கு வாங்குவது அன்பில்லையா என்று கேட்பீர்கள். அன்புதான். என் மாமனாரின் தகரப் பெட்டியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்தில் அந்தச் சாமான் எதுவும் மன்னார்குடியில் கிடைக்காது. நாலு வருடம் வியர்வை சிந்தியவர், ஊரில் இருப்பவர்களை மறக்கவில்லை என்று காட்ட அந்தப் பெட்டிதான் சாட்சி. இன்றைக்கு நான் சுமந்து வந்த சாக்லெட் எங்கள் தெருமுனைக் கடையிலேயே இருக்கிறது. கம்பெனியும் அதே, உறையும் அதே. என் தங்கை பையன் அதை வாயில் போட்டுக்கொண்டே, "மாமா, இது ஆன்லைன்ல இன்னும் சீப்" என்றான். தப்பில்லை, உண்மையைத்தான் சொன்னான். அதற்காகத்தான் என் மனைவி கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

"அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்று ஒரு பேச்சு உண்டு. முப்பது வயதில் அதைச் சொல்லலாம். எங்கள் வயதில் சொல்லக் கூடாது. 2014க்கும் 2023க்கும் நடுவில் பெருந்தொற்று வந்துபோனது, கூட வேலை பார்த்தவர்களில் நான்கு பேர் போய்விட்டார்கள், அவளுக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்தது. ஜூரோங் பறவைப் பூங்காவையே 2023 ஜனவரியில் மூடிப் பறவைகளை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். பூங்காவுக்கே அடுத்த தடவை இல்லை.

எங்களுக்கு எப்படியோ கிடைத்தது. 2023 ஆகஸ்டில் மறுபடி போனோம், இந்தத் தடவை டிராவல்ஸ் இல்லாமல். நாலு இரவு மட்டும். உறவுக்காரர்களிடம் கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிட்டேன்: எல்லோருக்கும் கோடாலி தைலம், ஆளுக்கு ஒன்று, அவ்வளவுதான். இரண்டாம் நாள் சாயங்காலம் அரை மணி நேரத்தில் அந்த வேலை முடிந்தது. மூன்றாம் நாள் ராத்திரியே பெட்டி கட்டினோம். இதற்குப் பின்னால் ஒரு உபாயம் இருக்கிறது. அன்றைக்குப் போட வேண்டிய உடுப்பையும் மாத்திரையையும் மட்டும் வெளியே வைத்துவிட்டால், காலையில் அறையைக் காலி செய்துவிட்டுப் பெட்டியை ஓட்டல் வரவேற்பறையிலேயே விட்டுவிட்டுப் போகலாம். விமானம் ராத்திரி. முழுப் பகல் கையில் இருந்தது. பாஸ்போர்ட்டும் மாத்திரையும் மட்டும் எப்போதும் உடம்போடு.

கடைசி நாள் காலை எட்டரைக்கு லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறினோம். அடுத்த நிறுத்தம் டோபி காட். ஒரு காலத்தில் நம் ஊர்ச் சலவைத் தொழிலாளர்கள் துணி துவைத்த இடம், பெயர் மட்டும் நிற்கிறது. அங்கே இறங்கிச் சிவப்பு வழித்தடத்துக்கு மாறினால் நேரே வடக்கு. ஆளுக்கு மூன்று வெள்ளிகூட ஆகவில்லை. பாதி வழிக்கு மேல் ரயில் தரைக்கு மேலே வந்துவிடுகிறது. ஒரு பையன் எழுந்து அவளுக்கு இடம் கொடுத்தான்.

கான்பெரா என்ற பெயரிலேயே ஒரு நிலையம் வந்தது. 2014இல் அது கிடையாது, 2019இல்தான் திறந்தார்கள். அவள் ஜன்னல் வழியாக அந்தப் பெயர்ப் பலகையைத் தமிழில் ஒரு தடவை, ஆங்கிலத்தில் ஒரு தடவை படித்தாள். ஆனால் நாங்கள் அதற்கு அடுத்து யீஷூனில் இறங்குவதாகவோ செம்பவாங்கில் இறங்குவதாகவோ சண்டை போட்டு, யீஷூனை ஏற்கெனவே தாண்டிவிட்டிருந்தோம். திரும்பி ஏறினோம். இதற்கெல்லாம் நேரம் இருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

யீஷூனில் எதற்கு இறங்க வேண்டும் என்றால், அங்கே தொழிற்பேட்டை ஒன்றின் நடுவில் ஒரு முருகன் கோயில் இருக்கிறது. புனிதமரம் ஸ்ரீ பாலசுப்ரமணியர் ஆலயம் என்று பெயர். அறுபதுகளில் கான்பெரா ரோட்டுப் பக்கம் ஒரு மரத்தடியில் தொடங்கிய கோயில். தளத்தில் வேலை பார்த்தவர்கள்தான் கும்பிட்டார்கள், அவர்கள்தான் கட்டினார்கள். வீடமைப்புக்காக அந்த இடத்தை எடுத்துக்கொண்டபோது, தொண்ணூறுகளில் யீஷூனுக்கு மாற்றினார்கள். பங்குனி உத்திரம் அங்கே பெரிய விசேஷம். இதைப் பற்றி முன்பே படித்துக் குறித்து வைத்திருந்தது அவள்தான். நான் இல்லை.

தரிசனம் முடிந்து பிராகாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அன்னதானத்துக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அவருடைய அப்பாவும் அதே பட்டறையில் வேலை பார்த்தவராம். அவள் உறையை எடுத்துக் காட்டினாள். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"இந்த பிளாக்கெல்லாம் எப்பவோ இடிச்சாச்சு அக்கா. உங்க அப்பா பேரு எனக்குத் தெரியலை. அங்க மலையாளி ஆளுங்க ரொம்ப, அடுத்தாப்புல நம்ம ஆளுங்க. ஆயிரக்கணக்குல இருந்தாங்க. ஆனா அறுபத்தாறுல அங்க இருந்திருக்காருன்னா மரத்தடிக்குக் கட்டாயம் வந்திருப்பாரு. வராம எங்க போவாரு?"

சினிமாவாக இருந்தால் அவருக்கு மாமனாரைத் தெரிந்திருக்கும். தெரியவில்லை. அவளுக்கு அதில் வருத்தமும் இல்லை. "எங்க போவாரு" என்று அவர் சொன்னதைத் திருச்சி வந்து சேருகிற வரைக்கும் இரண்டு மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

பக்கத்தில் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு அம்மா, இவள் எழுந்திருக்கப் பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு, "முட்டி வலியா? இங்க கிட்டக்க சுடுதண்ணி ஊத்து இருக்கு, போய்க் காலை வெச்சுட்டுப் போங்க" என்றார். சிங்கப்பூரில் வெந்நீர் ஊற்றா என்று எனக்கு ஆச்சரியம். இருக்கிறது. செம்பவாங் வெந்நீர் ஊற்றுப் பூங்கா. பழைய இடம்தான், 2020 ஜனவரியில் புதுப்பித்துத் திறந்திருக்கிறார்கள். டாக்சியில் போனோம். கட்டணம் கிடையாது. மண்ணுக்குள்ளிருந்து வரும்போது தண்ணீர் சுமார் 70 டிகிரி. படிப்படியாக இறக்கி ஆறவைத்து, கால் நனைக்கத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் ஒரு சீனக் குடும்பம் சின்ன வாளியில் முட்டையை வேகவைத்துக்கொண்டிருந்தது. புடவையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு அவள் காலை வைத்து உட்கார்ந்தாள். ஒரு சீனப் பாட்டி அவளைப் பார்த்துத் தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். இவளும் தட்டிக் காட்டினாள். இருவருக்கும் பாஷை தெரியாது. அரை மணி நேரம் மூட்டு வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த நிகழ்ச்சி நிரலிலும் இது இருக்காது. கையில் வெற்று நாள் இருந்தால்தான் இப்படி யாராவது சொல்லும் இடத்துக்குப் போக முடியும்.

அங்கிருந்து கான்பெரா ரோடு வழியாகவே ஓட்டச் சொன்னோம். ஓட்டுநர் தமிழ்ப் பையன், விஷயத்தைச் சொன்னதும் மெதுவாக ஓட்டினான். இரண்டு பக்கமும் அடுக்குமாடிகள்தான். வெலிங்டன், ஜிப்ரால்டர், மால்டா என்று அந்தப் பக்கத் தெருக்களுக்குப் பிரிட்டிஷ் காலத்துப் பெயர்கள் அப்படியே இருக்கின்றன. அதிகாரிகள் குடியிருந்த கறுப்பு வெள்ளை பங்களாக்களும் மரங்களுக்கு நடுவில் அப்படியே இருக்கின்றன, நல்ல பராமரிப்பில். தொழிலாளர் குடியிருப்பு என்று எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. "பெரியவங்க வீடு நிக்குது பாருங்க" என்றாள். அதற்கு மேல் அவள் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

"அங்கிள், பார்க்குக்கே போயிடலாமா? கடல் பார்க்கலாம்" என்றான் பையன்.

செம்பவாங் பூங்கா, சாலை முடிகிற இடத்தில் இருக்கிறது. சின்ன மணல்கரை, பழைய பங்களா ஒன்று, கடலுக்குள் நீளும் ஒரு படகுத்துறை. தூண்டில் போட்டபடி நாலைந்து பேர். ஒரு பக்கம் கப்பல்பட்டறைப் பக்கத்துப் பாரந்தூக்கிகள் தெரிந்தன. அங்கே நாங்கள் போக முடியாது. அந்தத் துறைமேடையில் மெதுவாக நடந்து, முனையில் நின்றோம். எதிரே ஜோகூர், மலேசியா. கத்திக் கூப்பிட்டால் கேட்குமோ என்கிற மாதிரி கிட்டத்தில்.

அவள் உறைக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தாள். உறைக்குள் கடிதம் இருக்கும் என்று ஒன்பது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை, அதுவும் தபால்காரனுக்கு. பெரும்பாலும் பணக் கணக்கு, நாற்று நட்டாயிற்றா, மாட்டுக்குத் தீவனம் என்று மாமியாருக்கு எழுதியிருக்கிறார். கடைசியில் பத்து வயதுப் பெண்ணுக்கு மூன்று வரி. சாயங்காலம் வேலை விட்டதும் கடலோரம் வந்து உட்காருவதாகவும், எதிர்க்கரை நன்றாகத் தெரியும் என்றும், கடல் என்று பயப்பட ஒன்றுமில்லை, நம் ஆறு மாதிரிதான், அகலம் மட்டும் கொஞ்சம் அதிகம் என்றும்.

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். "ஆறு மாதிரிதாங்க இருக்கு" என்றாள்.

மழை வந்தது. மாமனார் சொன்னது சரிதான், ஜாஸ்தி. பங்களாத் தாழ்வாரத்தில் ஒதுங்கி நின்றோம், நின்றதும் மூன்றரைக்குப் பேருந்து பிடித்துத் திரும்பினோம். ஐந்து மணிக்கு ஓட்டலில் பெட்டியை வாங்கி, நிதானமாக இட்லி சாப்பிட்டுவிட்டு விமான நிலையம். எடை இரண்டு பேருக்கும் சேர்த்து 31 கிலோ. பெட்டியைத் திறக்கவில்லை. வரியைத் திரும்ப வாங்க ஒன்றும் இல்லை. விமானம் ஏறியதும் அவள் தூங்கிவிட்டாள்.

திருச்சி வந்த மறுநாள் என் தங்கை வந்தாள். கோடாலி தைலத்தைக் கையில் வைத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணே, இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா" என்றேன்.

"சரி, இன்னொண்ணு இருந்தா குடுங்க. மாமியாருக்கு முட்டி வலி."

இருந்த ஒன்றையும் கொடுத்துவிட்டோம்.